உறிஞ்சுவது பாலிமர், சுமப்பது யார்?

அம்பத்தூர், முகப்பேர் பக்கம் புதிதாக எழுந்திருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும் இடமாக இருந்தால் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் ஒரு வாட்டர் சாஃப்ட்னர் தொட்டி இருக்கும். உள்ளே மணல்போலச் சின்னச் சின்ன மணிகள். அவை பாலிமர். தண்ணீரில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிறைந்துவிட்டால் உப்புக் கரைசல் விட்டு அலசுவார்கள். மறுபடியும் வேலைக்குத் தயார். இப்படிப் பல ஆண்டுகள் உழைக்கும்.

அதே குடியிருப்பின் கேட்டுக்குப் பக்கத்தில் குப்பைத் தொட்டி. அதில் செய்தித்தாளில் சுற்றிய நாப்கின், கறுப்பு கவரில் கட்டிய டயப்பர். அவற்றுக்குள்ளும் பாலிமர் மணிகள்தான் இருக்கின்றன. ஒருமுறை ஈரத்தை வாங்கியதும் அவற்றின் பயன் முடிந்துவிடுகிறது. காலையில் பேட்டரி வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளரின் கைக்கு அவை போகின்றன.

இரண்டும் வேதியியலில் நெருங்கிய உறவு. இரண்டுமே நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைக் குறுக்கே கட்டி வலையாக்கிச் செய்யப்பட்டவை. இரண்டுமே மின்னூட்டம் கொண்ட கூறுகளைச் சங்கிலியில் தாங்கியிருப்பவை. அப்படியிருக்க ஒன்றை மட்டும் கழுவிக் கழுவிப் பயன்படுத்துகிறோம், மற்றதை ஒரே நாளில் வீசுகிறோம். ஏன்? "ஒன்று தண்ணீரைத் தொடுகிறது, மற்றது ரத்தத்தையும் மலத்தையும் தொடுகிறது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிடலாம். அது பாதி பதில். மீதிப் பாதி, வீணானால் யாருக்கு நட்டம் என்ற கேள்வியில் இருக்கிறது. நட்டம் முதலாளிக்கு என்றால் பாலிமரை மறுபடி மறுபடி பயன்படுத்த வழி கண்டுபிடித்தார்கள். நட்டம் குப்பை அள்ளுபவருக்கு என்றால் அந்த வழியைத் தேடவே இல்லை. இந்தக் கட்டுரை அந்த வரலாற்றைப் பற்றியது.

துணியும் அதைத் துவைத்த கைகளும்

நாப்கினுக்கு முன்னால் துணி இருந்தது. பழைய புடவைத் துணி, வேட்டித் துணி. அதைத் துவைத்தது யார் என்பதைப் பாடப் புத்தகங்கள் சொல்லாது. தமிழ்நாட்டின் பல கிராமங்களில் பெண் வயதுக்கு வந்தால், மாதவிலக்கானால், பிள்ளை பெற்றால், அந்தத் தீட்டுத் துணியை எடுத்துப்போய் வெளுக்கும் கடமை வண்ணார் சமூகத்துப் பெண்கள்மேல் சுமத்தப்பட்டிருந்தது. கூலி என்று பணம் கிடையாது. வீடு வீடாகப் போய் வாங்கும் சோறும், அறுவடைக் களத்தில் கிடைக்கும் தானியமும்தான்.

தலித் குடும்பங்களின் துணியை ஊர் வண்ணார் எடுக்க மாட்டார். அதற்கு இன்னொரு சமூகம் ஒதுக்கப்பட்டது: புதிரை வண்ணார். தீண்டப்படாதவர்களாலேயே தீண்டத்தகாதவர்களாக நடத்தப்பட்டவர்கள். திருநெல்வேலிப் பகுதியில் இவர்கள் பகலில் வெளியே தலைகாட்டக் கூடாது, இரவில்தான் வேலை செய்ய வேண்டும் என்ற கொடுமை இருந்ததை 1932 டிசம்பரில் பத்திரிகைச் செய்தி ஒன்று பதிவு செய்திருக்கிறது. பார்ப்பதே தீட்டு என்று ஒரு சமூகத்தை நடத்திய வரலாறு நம் மண்ணில் நூறு ஆண்டுக்கு உட்பட்டது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-இல் வந்தபோது, இந்தச் சமூகத்தின் வாழ்க்கை தமிழ் நாவலின் மையத்துக்கு வந்தது. தலித்துகளுக்கு உள்ளேயே இருக்கும் படிநிலையைப் பேசியதால் அது பெரிய விவாதத்தையும் கிளப்பியது. அரசு புதிரை வண்ணார் நல வாரியம் அமைத்தது 2009-இல்தான்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? உறிஞ்சும் பொருளின் வரலாறு என்று எழுதுபவர்கள் துணி, மரக்கூழ், பாலிமர் என்று பொருளை மட்டும் வரிசைப்படுத்துவார்கள். ஒவ்வொரு பொருளோடும் அதைக் கையாளும் ஒரு மனிதர் இருந்தார். துணி காலத்தில் அவருக்குச் சாதி இருந்தது. பாலிமர் காலத்தில் அந்தச் சாதி போய்விட்டதா என்பதுதான் நமக்கு முக்கியம்.

போர்க்களக் கட்டிலிருந்து கடை அலமாரிக்கு

முதல் உலகப் போரில் அமெரிக்காவின் கிம்பர்லி-கிளார்க் நிறுவனம் மரக்கூழிலிருந்து 'செல்லுகாட்டன்' என்ற கட்டுத்துணிப் பொருளைச் செய்தது. பருத்தியைவிட மலிவு, அதைவிட நன்றாக உறிஞ்சும். காயத்துக்குக் கட்டுப்போட வந்த அதைச் செவிலியர்கள் தங்கள் மாதவிலக்குக்குப் பயன்படுத்தினார்கள். போர் முடிந்து ராணுவம் வாங்குவதை நிறுத்தியது. செவிலியர்களின் அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிறுவனம் 1920-இல் 'கோட்டெக்ஸ்' நாப்கினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒருமுறை பயன்படுத்து, தூக்கிப் போடு என்ற பழக்கம் அங்கே வேரூன்றியது. வீட்டுக் குப்பையை அள்ளுவதற்கு நகராட்சிச் செலவில் ஆள் உண்டு, எனவே தூக்கிப் போட்ட பிறகு என்னவாகும் என்பது நிறுவனத்தின் கணக்கில் வரவில்லை.

அதே அமெரிக்காவில் மேரி பியாட்ரிஸ் டேவிட்சன் கென்னர் என்ற கறுப்பினப் பெண், நாப்கின் நழுவாமல் இருக்க இடுப்புப் பட்டை ஒன்றை வடிவமைத்து 1956-இல் காப்புரிமை பெற்றார். ஒரு நிறுவனம் ஆர்வத்தோடு தொடர்பு கொண்டது. அவர் கறுப்பினப் பெண் என்று தெரிந்ததும் பின்வாங்கிவிட்டது. காப்புரிமைக் காலம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் அதைச் செய்யலாம் என்றானது. அவருக்கு அதில் காசு வரவில்லை. கண்டுபிடிப்பவர் யார் என்பதிலும் கழிவைச் சுமப்பவர் யார் என்பதிலும் ஒரே கோடு ஓடுவதைக் கவனியுங்கள்.

வயலுக்காகப் பிறந்த மணி

இன்றைய நாப்கினுக்குள் இருக்கும் உறிஞ்சும் பாலிமரின் தாய்வீடு ஒரு வேளாண்மை ஆய்வகம். அமெரிக்க வேளாண்மைத் துறையின் பியோரியா ஆய்வகம், இல்லினாய் மாநிலத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பென்சிலினைப் பெருமளவில் தயாரிக்கும் வழியைக் கண்டதில் பெரும்பங்கு வகித்த அதே ஆய்வகம். அங்கே சோளம் மிச்சமாகக் குவிந்து கிடந்தது. சோள மாவுச்சத்துக்குப் புதுப் பயன் தேட வேண்டியிருந்தது. 1960களிலும் 1970களிலும் அங்கிருந்த விஞ்ஞானிகள் மாவுச்சத்துச் சங்கிலியோடு அக்ரிலோநைட்ரில் என்ற வேதிப்பொருளை ஒட்டுக் கட்டினார்கள். செடிக்கு ஒட்டுப் போடுவதைப் போலத்தான், ஒரு பாலிமர் சங்கிலியின்மேல் இன்னொன்றைக் கிளையாக வளர்ப்பது. பிறகு காரத்தில் வேகவைத்தார்கள். கிடைத்த பொருள் தன் எடையைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு தண்ணீரைக் குடித்தது. அதற்கு 'சூப்பர் ஸ்லர்ப்பர்' என்று செல்லப் பெயர். மண்ணில் ஈரம் காக்கவும் விதைக்குப் பூசவும் பயன்படும் என்று நினைத்தார்கள்.

அது எப்படி இவ்வளவு தண்ணீரைப் பிடிக்கிறது? பஞ்சு தன் இழைகளுக்கு இடையே உள்ள சந்துகளில் தண்ணீரை வைத்திருக்கும். பிழிந்தால் வந்துவிடும். இந்தப் பாலிமர் வேறு மாதிரி. இன்று பெரும்பாலும் பயன்படுவது சோடியம் பாலிஅக்ரிலேட். அதன் சங்கிலி நெடுக எதிர்மின்னூட்டம் கொண்ட கூறுகள், ஒவ்வொன்றுக்கும் துணையாக ஒரு சோடியம் அயனி. தண்ணீர் பட்டதும் சோடியம் அயனிகள் தளர்கின்றன. சங்கிலியில் மிஞ்சும் எதிர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. சுருண்டு கிடந்த சங்கிலி விரிகிறது. உள்ளே அயனி அதிகம், வெளியே குறைவு என்பதால் சவ்வூடு பரவல் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. அப்படியே விட்டால் சங்கிலிகள் முழுக்கக் கரைந்து போகும். குறுக்கே போட்ட முடிச்சுகள் அதைத் தடுக்கின்றன. கரையவும் முடியாமல் சுருங்கவும் முடியாமல் தண்ணீரோடு கூழாக நிற்கிறது. அழுத்தினாலும் எளிதில் விடாது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தண்ணீரில் உப்பு இருந்தால் உறிஞ்சும் திறன் சரிந்துவிடும். சுத்தமான நீரில் சில நூறு மடங்கு குடிக்கும் மணி, உடல் திரவத்தின் அளவுக்கு உப்புள்ள நீரில் ஏறத்தாழ 30 முதல் 50 மடங்குதான் குடிக்கும். வெளியிலும் அயனிகள் இருப்பதால் உள்ளிழுக்கும் விசை குறைகிறது. ரத்தமோ உப்பும் புரதமும் அணுக்களும் சேர்ந்த கெட்டித் திரவம், அதில் இன்னும் சிரமம். நாப்கின் விளம்பரங்களில் நீலத் தண்ணீரை ஊற்றிக் காட்டிய பழக்கம் ரத்தத்தின் நிறத்தை மட்டும் மறைக்கவில்லை. கூழாகிப்போன மணியின்மேல் உப்பைத் தூவினால் தண்ணீரை விட்டுச் சுருங்கும். கல்லூரிச் சோதனைச்சாலையில் ஒரு புது டயப்பரைப் பிரித்து நீங்களே செய்து பார்க்கலாம். இந்த உப்பு விஷயத்தை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

வயலுக்காகப் பிறந்த மணி வயலில் பெரிதாகப் போகவில்லை, விலை கட்டுப்படியாகவில்லை. 1978-இல் ஜப்பானில் நாப்கினுக்காக வணிக உற்பத்தி தொடங்கியது. 1980களில் டயப்பருக்குப் போனது. பிராக்டர் & கேம்பிள் 1986-இல் உறிஞ்சும் பாலிமர் கொண்ட பாம்பர்ஸை அமெரிக்காவில் இறக்கியது. டயப்பர் மெலிந்தது. மெலிந்ததால் லாரியில் அதிகம் ஏற்றலாம், கடை அலமாரியில் அதிகம் அடுக்கலாம். கம்பெனிக்கு இரட்டை லாபம்.

அதிகம் உறிஞ்சுவது எல்லா இடத்திலும் நல்லது என்ற நம்பிக்கைக்கு முதல் அடி 1980-இல் விழுந்தது. அதே நிறுவனத்தின் 'ரிலை' என்ற டாம்பூன், உறிஞ்சும் திறன் மிக அதிகம் கொண்டது. நச்சு அதிர்ச்சி நோய் என்ற உயிர்கொல்லிப் பாதிப்போடு அதற்கு இருந்த தொடர்பு வெளிவந்து, அந்த ஆண்டு செப்டம்பரில் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. 1985 வாக்கில் பாலிஅக்ரிலேட் கலந்த டாம்பூன்களும் அமெரிக்காவில் நிறுத்தப்பட்டன. உடலுக்கு வெளியே வைக்கும் நாப்கினுக்கு இந்த ஆபத்து அப்படியே பொருந்தாது. ஆனால் பெண்கள் நோயுற்று இறந்த பிறகுதான் உறிஞ்சும் திறனைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள் என்பது பாடம்.

அதே குடும்பத்தின் இன்னொரு கிளை

இப்போது சாஃப்ட்னர் தொட்டிக்குள் இருக்கும் மணியின் வரலாற்றுக்கு வருவோம். 1935-இல் இங்கிலாந்தில் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இருவர் செயற்கைப் பிசின்கள் தண்ணீரில் உள்ள அயனிகளைப் பரிமாறிக்கொள்ளும் என்று காட்டினார்கள். 1940களில் குறுக்குப் பிணைப்பிட்ட பாலிஸ்டைரீன் மணிகள் வந்தன. அந்த மணியின்மேல் அமிலக் கூறுகளைப் பதித்தால் அது திட வடிவ அமிலம். திரவ அமிலத்தை வினையூக்கியாகப் போட்டால் வேலை முடிந்ததும் அதைப் பிரிக்க வேண்டும், கழிவாகும், குழாயை அரிக்கும். மணியாக இருந்தால் வடிகட்டி எடுத்து மறுபடி போடலாம். பெட்ரோல், பிளாஸ்டிக் தொழில்களில் இந்த அமில மணிகள் டன் கணக்கில் வேலை செய்கின்றன.

1963-இல் புரூஸ் மெரிஃபீல்டு இதே மாதிரி பாலிஸ்டைரீன் மணியின்மேல் அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் புரதத் துண்டுகளைக் கட்டினார். 1984-இல் வேதியியல் நோபல் அவருக்கு. அதற்குப் பிறகு விலை உயர்ந்த உலோக வினையூக்கிகளை பாலிமர் மணியில் கட்டிவைத்து, வினை முடிந்ததும் மீட்டு எடுக்கும் ஆய்வு உலகமெங்கும் பெருகியது. பல்லேடியம், ரோடியம் எல்லாம் விலை உயர்ந்தவை. ஒரு கிராம் போனாலும் கம்பெனிக்கு வலிக்கும். அதனால் ஆய்வுக் கட்டுரைகளில் இந்த வினையூக்கி எத்தனை முறை மறுபயன்பாட்டுக்குத் தாங்கியது என்று ஒரு அட்டவணை போடுவது வழக்கமாகவே ஆகிவிட்டது. வேதியியல் படிக்கும் தம்பி தங்கைகள் அந்த அட்டவணையைப் பார்த்திருப்பீர்கள். உறிஞ்சும் பாலிமர் பற்றிய கட்டுரைகளில் எத்தனை மடங்கு குடித்தது என்ற எண்தான் முதலில் நிற்கும். குடித்த பிறகு அது யார் கைக்குப் போகிறது என்று ஒரு அட்டவணையை நான் பார்த்ததில்லை.

இரண்டு கிளைகளும் ஒரே தொழிற்சாலை வரிசையில் சந்திக்கவும் செய்கின்றன. உறிஞ்சும் பாலிமருக்கு மூலப்பொருள் அக்ரிலிக் அமிலம். அது பெட்ரோலியத்திலிருந்து வரும் புரொப்பிலீனை இரண்டு கட்டமாக ஆக்சிஜனேற்றம் செய்து கிடைக்கிறது. இரண்டு கட்டத்திலும் மாலிப்டினம் கலந்த உலோக ஆக்சைடு வினையூக்கிகள் குழாய்களுக்குள் நிரப்பப்பட்டு ஆண்டுக்கணக்கில் வேலை செய்கின்றன. இந்தியா அக்ரிலிக் அமிலத்துக்கு நீண்டகாலம் இறக்குமதியையே நம்பியிருந்தது. கொச்சியில் பாரத் பெட்ரோலியத்தின் புரொப்பிலீன் சார்ந்த ஆலையைப் பிரதமர் 2021 பிப்ரவரி 14 அன்று நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஆண்டுக்கணக்கில் காக்கப்படும் வினையூக்கியிலிருந்து, ஒரு நாளில் வீசப்படும் மணிக்கான மூலப்பொருள் பிறக்கிறது.

நம் சென்னைக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. அடையாறில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும், சென்னைப் பல்கலைக்கழகமும் இந்தியாவில் பாலிமர் வேதியியலை வளர்த்த முக்கிய இடங்கள். பேராசிரியர் எம். சாந்தப்பா இரண்டு இடத்திலும் அந்தத் துறையை வளர்த்தவர். பியோரியாவில் மாவுச்சத்தின்மேல் ஒட்டுக் கட்டியதைப்போல, இங்கே தோலின் கொலாஜன் புரதத்தின்மேல் பாலிமரை ஒட்டுக் கட்டும் ஆய்வுகள் நடந்தன. தோல் என்றால் யார் உழைப்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செத்த மாட்டை இழுத்தவர், தோலை உரித்தவர், பதனிட்டவர். அந்த வேலையை அறிவியல் தொட்டதும் அது தொழில்நுட்பம் ஆனது, ஏற்றுமதி ஆனது. தொட்டவருக்கு இருந்த தீட்டு மட்டும் அப்படியே இருந்தது.

நம் ஊருக்கு நாப்கின் வந்தது

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது நாப்கினுக்கு எதிரான கட்டுரை இல்லை. துணியே நல்லது, பாட்டி காலமே பொற்காலம் என்று பேசுபவர்களோடு நமக்கு ஒட்டு இல்லை. துணியைத் துவைக்கத் தண்ணீர் வேண்டும், காயவைக்க வெயில் படும் தனி இடம் வேண்டும். ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும் குடியிருப்பு வாரிய வீட்டிலும், குடத்தோடு லாரித் தண்ணீருக்கு நிற்கும் தெருவிலும் அது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் பெண்களுக்குத் தெரியும். நாப்கின் வந்ததால் பள்ளிக்குப் போக முடிந்த பெண் பிள்ளைகள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

தமிழ்நாடு அரசு 2011-இல் அறிவித்த 'புதுயுகம்' திட்டம் கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு இலவசமாக நாப்கின் கொடுத்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம், பெரிய கம்பெனிகள் உள்ளே வைப்பது வெறும் பஞ்சு இல்லை, மரக்கூழ் என்பதைக் கண்டறியவே இரண்டு ஆண்டுக்கு மேல் அலைந்தார். பிறகு மகளிர் குழுக்கள் வைத்து நடத்தக்கூடிய மலிவு விலை இயந்திரத்தைச் செய்தார். 2016-இல் பத்மஸ்ரீ. 2017 ஜூலையில் நாப்கினுக்கு 12 விழுக்காடு ஜி.எஸ்.டி. போட்டார்கள். பெண்கள் போராடியதால் 2018 ஜூலையில் நீக்கினார்கள். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 24 வயதுப் பெண்களில் சுகாதாரமான முறையைப் பயன்படுத்துபவர்கள் 2015-16-இல் 58 விழுக்காடு. அடுத்த கணக்கெடுப்பான 2019-21-இல் 77 விழுக்காடு. இது வெற்றி.

வெற்றியின் இன்னொரு பக்கத்தையும் பார்ப்போம். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960களில் வந்தது. இன்று அங்கே ஆயத்த ஆடை ஆலைகளில் பெண்கள் பெருவாரியாக வேலை செய்கிறார்கள். ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் பக்கமிருந்து ரயிலிலும் கம்பெனி பஸ்ஸிலும் வருகிறார்கள். அவர்களோடு பேசினால், கழிப்பறைக்குப் போகும் நிமிடங்களுக்கும் கணக்கு உண்டு என்பார்கள். எட்டு மணி நேரம் தாங்கும் நாப்கின் அவர்களுக்கு வசதி. அதே அளவுக்கு மெஷினை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று நினைக்கும் சூப்பர்வைசருக்கும் வசதி. கழிப்பறை இடைவேளை என்ற உரிமையை ஒரு பாலிமர் ஈடுகட்டுகிறது.

ஆண்டுக்குச் சுமார் 1,230 கோடி நாப்கின்கள் இந்தியாவில் வீசப்படுவதாக ஒரு மதிப்பீடு இருக்கிறது. எடையில் சுமார் 1,13,000 டன். மேலே பிளாஸ்டிக் விரிப்பு, நடுவில் மரக்கூழும் உறிஞ்சும் மணியும், அடியில் பிளாஸ்டிக் தாள். மணியின் முதுகெலும்பு கார்பனோடு கார்பன் பிணைந்த சங்கிலி. நுண்ணுயிரிகளால் அதை எளிதில் உடைக்க முடியாது. எனவே இது மக்கும் குப்பையில் சேராது. ரத்தமும் மலமும் இருப்பதால் மறுசுழற்சிக்காரரும் தொட மாட்டார். பிறகு யார் தொடுகிறார்?

தொட்டிக்குள் இருக்கும் சட்டம்

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்னது இது: நாப்கின், டயப்பரை உற்பத்தியாளர் கொடுக்கும் உறையில் சுற்றி, மக்காத உலர் குப்பைக்கான தொட்டியில் போட வேண்டும். உறை கொடுப்பது கம்பெனியின் கடமை என்று அதே விதிகளில் இருந்தது. உங்கள் வீட்டில் இருக்கும் பாக்கெட்டுகளை எடுத்துப் பாருங்கள், எத்தனையில் தனி உறை இருக்கிறது என்று.

அதே 2016-இல் மருத்துவக் கழிவு விதிகளும் வந்தன. அவற்றின்படி மருத்துவமனையில் ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி எல்லாம் மஞ்சள் பையில் போக வேண்டும், உயர் வெப்பத்தில் எரிக்கப்பட வேண்டும். எரிப்பானின் இரண்டாம் அறை 1050 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும் என்பதுவரை விதி இருக்கிறது. ரத்தம் ஒன்றுதான். மருத்துவமனைக்குள் இருந்தால் அபாயக் கழிவு. வீட்டு வாசலுக்கு வந்தால் பழைய பேப்பர், பால் கவரோடு சேர்ந்து உலர் குப்பை. இந்த வேறுபாட்டுக்கு அறிவியல் காரணம் கிடையாது. மருத்துவமனையில் அதைத் தொடுபவர்களில் டாக்டரும் நர்சும் இருக்கிறார்கள். வீட்டு வாசலில் தொடுபவர் தூய்மைப் பணியாளர் மட்டுமே.

அம்பத்தூர் நகராட்சி 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து 7-ஆவது மண்டலமானது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியானது. பெயர்ப்பலகைகள் மாறின. குப்பையைத் தரம் பிரிக்கும் இடத்தில் மாறாத ஒன்று, பிளாஸ்டிக்கைப் பிரிக்கக் கட்டு கட்டாக வரும் கவர்களை அவிழ்க்கும் கை. உள்ளே என்ன இருக்கிறது என்பது அவிழ்த்தால்தான் தெரியும். மெல்லிய கையுறை காலையில் கொடுத்தால் மதியத்துக்குள் கிழியும். கழிப்பறைக்குள் போட்டு ஃபிளஷ் செய்யும் நாப்கின் இன்னும் மோசம். மணி குழாய்க்குள் ஊதி அடைப்பாகிறது. பாதாளச் சாக்கடை இருந்தால் மேன்ஹோல், இல்லாத தெருவில் செப்டிக் டேங்க். அடைப்பு எடுக்க மனிதரை இறக்குகிறார்கள். இதைத் தடை செய்யும் சட்டம் 2013-இலேயே வந்தது. சாக்கடை மரணத்துக்கு இழப்பீடு 30 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்திச் சொன்னது. மரணங்கள் நிற்கவில்லை.

அந்த வேலையில் இருப்பவர்கள் யார்? ஒன்றிய அரசு தன் 'நமஸ்தே' திட்டத்துக்காக 2024 வரை கணக்கெடுத்த சுமார் 38,000 சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களில் ஏறத்தாழ 69 விழுக்காடு பட்டியல் சாதியினர். பழங்குடி, பிற்படுத்தப்பட்டோரைச் சேர்த்தால் 92 விழுக்காடு. தமிழ்நாட்டில் இந்தத் தொழிலில் அருந்ததியர், ஆதிதிராவிடர் பங்கு எவ்வளவு என்று எந்த மண்டல அலுவலக வாசலிலும் காலை வருகைப் பதிவின்போது நின்றால் தெரியும். சாதி என்பது வேலையைப் பிரிப்பதைத் தாண்டி வேலை செய்யும் மனிதர்களையே பிரித்து அடுக்குவது என்று அம்பேத்கர் 1936-இலேயே விளக்கியிருக்கிறார். புதிரை வண்ணார் பெண் கையிலிருந்த தீட்டுத் துணி, ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் கையில் நாப்கினாக மாறியிருக்கிறது. அன்று துணி கொடுத்த வீட்டுக்காரருக்குத் துவைத்தவர் முகமாவது தெரியும். இன்று அதுவும் தெரியாது.

2000-இல் ஓனிக்ஸ் நிறுவனத்தோடு சென்னையில் தொடங்கிய குப்பைத் தனியார்மயம் இந்தத் தொலைவை இன்னும் கூட்டியது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். பணிப் பாதுகாப்பு கேட்டவர்களில் பலர் நாம் சுற்றி வீசியதைத் தினமும் அவிழ்ப்பவர்கள்.

வழி இல்லை என்பது பொய்

உறிஞ்சும் மணியை மீட்க முடியாதா? முடியும். மணியின் மேல் உப்பு போட்டால் தண்ணீரை விட்டுச் சுருங்கும் என்று பார்த்தோம். உப்புக் கரைசலால் கூழைச் சுருக்குவது, கழுவிப் பிரிப்பது, கிருமி நீக்குவது என்று வழிகள் ஆராயப்பட்டு, சில நடைமுறைக்கும் வந்துவிட்டன. ஜப்பானில் யூனிசார்ம் நிறுவனம் 2015 முதல் பயன்படுத்திய டயப்பரை மறுசுழற்சி செய்யும் திட்டத்தில் இறங்கியது. ககோஷிமா மாகாணத்தின் ஷிபுஷி நகரோடு சேர்ந்து, ஓசோன் கொண்டு கிருமி நீக்கி, மரக்கூழை மீட்டு மறுபடி டயப்பரில் சேர்க்கிறது. இத்தாலியில் ட்ரெவிசோ அருகே 2017-இல் இப்படி ஒரு ஆலை தொடங்கியது. அங்கேயும் எல்லா டயப்பரும் திரும்பி வருவதில்லை. ஆனால் தன் பொருள் எங்கே போகிறது என்ற கேள்வி கம்பெனியின் மேசைக்கு வந்திருக்கிறது.

இந்தியாவில் பிளாஸ்டிக் பொதி உறைகளுக்கு உற்பத்தியாளர் பொறுப்பு என்ற விதி 2022-இல் வந்தது. அதன்படி நாப்கின் பாக்கெட்டின் வெளிக் கவருக்குக் கம்பெனி பொறுப்பு. உள்ளே இருக்கும் நாப்கினுக்கு அந்த விதியில் பொறுப்பு இல்லை. கவரில் ரத்தம் இல்லை, நாப்கினில் இருக்கிறது. பொறுப்பு எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்று பாருங்கள்.

கேரளத்தில் ஆலப்புழை நகராட்சியில் 2019-இல் எச்.எல்.எல். நிறுவனத்தின் உதவியோடு மாதவிடாய்க் கோப்பைகளை இலவசமாகக் கொடுத்தார்கள். சிலிக்கான் ரப்பரால் ஆன கோப்பை, கழுவிப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம். எல்லாப் பெண்களுக்கும் அது ஒத்துவராது, யார்மேலும் திணிக்கவும் கூடாது. அரசு நினைத்தால் மறுபயன்பாட்டுப் பொருளையும் தெருவுக்குக் கொண்டுவர முடியும் என்பதற்கு அது சாட்சி.

2026-இல் அறிவிக்கப்பட்ட புதிய திடக்கழிவு விதிகள் சுகாதாரக் கழிவை மூன்றாவது தனி வகையாகப் பிரிக்கச் சொல்கின்றன. நல்ல மாற்றம். ஆனால் தனித் தொட்டி வைத்தால் தனி ஆள் வைப்பார்கள். அந்த ஆள் யாராக இருப்பார் என்று நாம் இப்போதே கேட்காவிட்டால், புதிரை வண்ணார் என்ற ஏற்பாட்டை மாநகராட்சி ஒப்பந்தத்தில் எழுதி முடித்துவிடுவார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, 2013 சட்டத்தைப் படியுங்கள். கையால் மலம் அள்ளுதல் எந்த இடங்களில் நடந்தால் குற்றம் என்று அதன் வரையறை பட்டியலிடுகிறது. உலர் கழிப்பிடம், திறந்த சாக்கடை, ரயில் தண்டவாளம். அதோடு ஒன்றிய அரசோ மாநில அரசோ அறிவிக்கும் பிற இடங்களும் சேரும் என்று ஒரு வாசகம் இருக்கிறது. மலம் நிறைந்த டயப்பரைக் கையால் அவிழ்த்துப் பிரிக்கும் குப்பைத் தரம் பிரிப்பு மையத்தை அந்த இடங்களில் ஒன்றாக அறிவிக்கும் அதிகாரம் தமிழ்நாடு அரசுக்கு இருக்கிறது. இந்தக் கோரிக்கையை மனுவாக எழுதுவது சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வாரத்து வேலை.

இரண்டாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அம்பத்தூர் மண்டலத்திலும், ஆவடி மாநகராட்சியிலும், பூந்தமல்லி நகராட்சியிலும் சுகாதாரக் கழிவு தனியாக எடுக்கப்படுகிறதா, எங்கே எரிக்கப்படுகிறது, கையுறை ஆண்டுக்கு எத்தனை ஜோடி வாங்கினார்கள், மஞ்சள் காமாலைத் தடுப்பூசி எத்தனை பணியாளருக்குப் போட்டார்கள். தனியார் ஒப்பந்தமாக இருந்தால் ஒப்பந்த நகலையும் கேளுங்கள்.

மூன்றாவது, வேதியியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறையப் பேர் இப்போது எம்.எஸ்சி., பிஎச்.டி. ஆய்வகங்களில் இருக்கிறீர்கள். உறிஞ்சும் பொருள், மறுபயன்பாட்டு வினையூக்கி என்று ஆய்வுத் தலைப்பு வரும்போது உங்கள் அட்டவணையில் இன்னொரு பத்தியைச் சேருங்கள். பயன்படுத்திய பிறகு யார் தொடுவார், எதைக் கொண்டு தொடுவார், தொடாமலேயே மீட்க வழி உண்டா. இந்தக் கேள்வி பியோரியாவில் எழவில்லை, ஒசாகாவில் எழவில்லை. அங்கிருந்தவர்களின் அம்மாக்கள் யாரும் அந்தக் கவரை அவிழ்த்ததில்லை. நம் அம்மாக்கள் அவிழ்த்திருக்கிறார்கள். அந்த அனுபவம் ஆய்வகத்துக்குள் அறிவாகப் போக வேண்டும்.

நான்காவது, இன்று இரவே செய்யக்கூடியது. உங்கள் வீட்டு நாப்கினையும் டயப்பரையும் தனியாகக் கட்டி, மேலே சிவப்பு மையில் ஒரு வட்டம் போடுங்கள். அவிழ்க்காமலேயே என்னவென்று தெரியட்டும். இது தீர்வு ஆகாது. தீர்வு வரும்வரை ஒருவருடைய கையைக் காக்கும்.

ஜெய் பீம்.